சித்திரம் செதுக்கிய சுழல் துப்பாக்கிகள்

பழம்பொருள் சேர்ப்போரில் பல வகையினர் உண்டு. நாணயம் சேர்ப்போர், தபால் தலை சேர்ப்போர், பழைய கடிகாரங்களைத் தேடிப் பிடித்து மீண்டும் ஓடச் செய்வோர் எனப் பலரை நாம் எல்லா ஊர்களிலும் காண்கிறோம். இவர்களினும் தொகையிற் குறைந்த ஒரு சாரார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செய்யப்பெற்ற, சித்திரம் செதுக்கிய சுழல் துப்பாக்கிகளைச் சேர்த்து வருகின்றனர். ரிவால்வர் என்று இன்று நாம் வழங்கும் கருவியின் முன்னோடிகள் அவை. அவற்றின் வரலாறு யாது, அவற்றின் மதிப்பை எவ்வாறு அறிவது, அவற்றை வைத்திருப்போர் செய்யத் தக்கது எது, தகாதது எது என்பவற்றை இவ்வுரையில் ஆராய்வோம்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இப்பொருள் முற்றிலும் அயலானதன்று. கொல்கத்தா, ஐதராபாத், ஜெய்ப்பூர், வடோதரா போன்ற நகரங்களில் பழைய சமஸ்தானக் குடும்பத்தாரும், படையதிகாரிகளின் வழித்தோன்றல்களும் இன்றும் வாழ்ந்து வருகின்றனர். அத்தகையோர் இல்லத்தில் பாட்டனார் காலத்துப் பெட்டியொன்று திறக்கப்படும்போது, விவரம் அறிந்தவர் என்று கருதி அண்டை வீட்டுத் தமிழரை அழைத்து, "இது என்ன பொருள், ஏதேனும் விலை பெறுமா?" என்று கேட்பது நடக்கக் கூடியதே. அப்போது நாம் சொல்லும் ஒரு சொல் அப்பொருளைக் காக்கவும் கூடும், கெடுக்கவும் கூடும்.

முதலில் கருவியின் அமைப்பைப் பார்ப்போம். பழைய துப்பாக்கி சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடித்தது. மழையிலும் ஈரக் காற்றிலும் அப்பொறி மருந்தைப் பற்றுவது அரிது. ஸ்காத்லாந்து நாட்டுப் பாதிரியார் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத் என்பவர், தட்டினாலே வெடிக்கும் இரசாயனப் பொருளால் மருந்தைப் பற்றவைக்கும் முறைக்கு 1807-இல் காப்புரிமை பெற்றார். பின்னர் அவ்வெடிபொருளைச் சிறு செப்புத் தொப்பியுள் அடைத்து வைக்கும் வழக்கம் வந்தது. தீபாவளியன்று சிறுவர்கள் விளையாட்டுத் துப்பாக்கியில் வைத்து அடிக்கும் பொட்டு வெடியை நினைத்துக் கொண்டால் இதன் தத்துவம் எளிதில் விளங்கும்.

சுழல் துப்பாக்கியின் உருளையில் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையிலும் முன்புறமாகக் கரிமருந்தை இட்டு, ஈயக் குண்டை வைத்து, குழலின் கீழுள்ள நெம்புகோலால் கெட்டிக்க வேண்டும். அறையின் பின்புறத்திலுள்ள குமிழின்மேல் செப்புத் தொப்பியைப் பொருத்த வேண்டும். குதிரையைப் பின்னுக்கு இழுத்தால் உருளை ஓர் அறை சுழலும். விசையை அழுத்தினால் குதிரை தொப்பியின்மேல் விழும். பித்தளைத் தோட்டா பரவியபின் இம்முறை மறைந்தது. ஆகவே இவ்வகை ரிவால்வர்களின் சிறப்புக் காலம் 1830-களின் நடுவிலிருந்து 1870-களின் தொடக்கம் வரை, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளே எனலாம்.

இக்கருவியைப் பெருவழக்கிற்குக் கொண்டுவந்தவர் சாமுவேல் கோல்ட். இவர் 1814-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தார். பதினாறாம் வயதில், 1830-இல், கார்வோ என்னும் பாய்மரக் கப்பலில் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கல்கத்தாவுக்குப் பயணம் செய்தார். அக்கடற்பயணத்தின்போதுதான் சுழலும் உருளையின் மாதிரியை மரத்தில் செதுக்கினார் என்பது அவர் வரலாற்றில் வழங்கும் செய்தி. சுழல் துப்பாக்கியின் கதையில் நம் நாட்டுத் துறைமுகம் ஒன்றன் பெயர் இவ்வாறு தொடக்கத்திலேயே வந்து சேர்கிறது.

கோல்ட் 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்று, நியூ ஜெர்சி மாநிலத்துப் பேட்டர்சன் நகரில் தொழில் தொடங்கினார். அந்நிறுவனம் 1842-இல் நொடித்துப் போயிற்று. மெக்சிகோப் போர்க்காலத்தில், சாமுவேல் வாக்கர் என்னும் படைத்தலைவரின் முயற்சியால் அரசினர் ஆயிரம் ரிவால்வர்களுக்கு உத்தரவு அளித்தனர். 1847-இல் செய்யப்பெற்ற அவ்வகையே 'வாக்கர்' எனப்படுகிறது. அதன்பின் கோல்ட் ஹார்ட்ஃபோர்டில் தம் தொழிற்சாலையை நிறுவினார். 1851-ஆம் ஆண்டு 'நேவி' வகை மட்டும் ஹார்ட்ஃபோர்டில் சுமார் 2,15,000-மும், 1853 முதல் 1856 வரை நடந்த அவருடைய லண்டன் தொழிற்சாலையில் சுமார் 42,000-மும் செய்யப்பெற்றன. உறுப்புகள் யாவும் இயந்திரத்தால் ஒரே அளவில் செய்யப்பட்டமையே இத்தனை பெருந்தொகைக்குக் காரணம்.

இங்கிலாந்தில் இவருக்கு எதிராக நின்றவர் ராபர்ட் ஆடம்ஸ். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் இருவருடைய ரிவால்வர்களும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஆடம்ஸ் செய்ததில் குழலும் சட்டமும் ஒரே இரும்பில் அமைந்தவை. விசையை இழுத்தாலே குதிரை எழுந்து விழும். பின்னர் பொமாண்ட் என்னும் பொறியியற் படை அதிகாரி இதனைத் திருத்தி அமைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தின் இறுதியில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேய அதிகாரிகள் பலர் இவ்வகையைத் தம் சொந்தச் செலவில் வாங்கி வந்தனர். ஆதலின் நம் நாட்டுப் பழைய வீடுகளில் கோல்ட்டினும் ஆடம்ஸ் வகை கிடைத்தால் வியப்பில்லை.

இனிச் செதுக்கு வேலைக்கு வருவோம். புதியவர் முதலில் தடுமாறும் இடம் ஒன்று இங்கே உண்டு. கோல்ட் ரிவால்வரின் உருளையைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி காணப்படும். டெக்சாஸ் கடற்படைக்கும் மெக்சிகோக் கடற்படைக்கும் 1843 மே 16-இல் நடந்த போர் அது. அதன் அருகே, நியூயார்க் டபிள்யூ. எல். ஆர்ம்ஸ்பி செதுக்கியது என்ற ஆங்கில எழுத்துகளும் இருக்கும். இதைக் கண்டவுடன், "கைவேலை செய்த அரிய துப்பாக்கி" என்று விற்பவர் சொல்வர்; வாங்குபவரும் நம்புவர். ஆர்ம்ஸ்பி பணநோட்டுகளுக்குத் தகடு செதுக்கியவர். அவர் செதுக்கியது ஓர் எஃகு அச்சை மட்டுமே. அவ்வச்சை உருளையின்மேல் இயந்திரத்தால் உருட்டி அழுத்தினால் காட்சி பதிந்துவிடும். 'நேவி' வகையில் இக்காட்சி சாதாரணத் துப்பாக்கிக்கும் உண்டு. அதைக் கைவேலை என மதிப்பது, அச்சிட்ட படத்தை ஓவியன் தீட்டிய படமென வாங்குவதை ஒக்கும்.

உண்மையான கைவேலை குழலிலும், சட்டத்திலும், குதிரையிலும், கைப்பிடியின் பட்டைகளிலும் சிற்றுளியால் வெட்டப்படுவது. ஆலையில் செய்த பெருந்தொகையில் இத்தகையவை மிகச் சிறு பகுதியே. அரசர்க்கும் அமைச்சர்க்கும் படைத்தலைவர்க்கும் பரிசளிக்கவும், பொருட்காட்சிகளில் வைக்கவும், செல்வர் விருப்பத்திற்கு விற்கவும் இவை செய்யப்பட்டன. துருக்கி சுல்தான் அப்துல் மஜீதுக்குக் கோல்ட் அளித்த பொன் பதித்த ரிவால்வர் இன்று நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் இருக்கிறது.

இவ்வேலையைச் செய்தவர் யாவர்? ஹார்ட்ஃபோர்டில் தலைசிறந்து விளங்கியவர் குஸ்தாவ் யங். இவர் 1827-இல் பிரஷியாவில் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவில் குடியேறியவர். 1852 முதல் 1869 வரை கோல்ட் ஆலைக்காக வேலை செய்து, பின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தாரின் ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்குச் சென்றார். அவர் மக்களும் அத்தொழிலையே செய்தனர். நியூயார்க்கில் பணியாற்றிய லூயி நிம்ஷ்கே என்பவரும் 1832-இல் ஜெர்மனியில் பிறந்தவர். இவ்விருவரையும் போலவே ஜெர்மானிய நாடுகளிலிருந்து குடியேறிய செதுக்குநர் வேறு சிலரும் அக்காலத்தில் இத்தொழிலில் இருந்தனர். ஊரை விட்டு வந்தபோது அவர்கள் கொண்டுவந்த முதலீடு உளியும் கைப்பழக்கமும்தான். பிறந்த நாட்டில் பழகிய இலைக்கொடியைப் புதிய நாட்டு எஃகில் அவர்கள் வெட்டினர். இதன் பொருள், பிழைப்பை நாடி வேற்றூர் வந்து, கைத்திறனால் நிலைபெற்ற நம்மவர்க்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதன்று.

ஆலை வேலையில் பெரும்பாலும் செதுக்கியவர் பெயர் இராது. பாணியைக் கொண்டே கையை அறிய வேண்டும். 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொடிச்சுருள் சிறு சிறு வட்டங்களாக நெருங்கியிருக்கும். அமெரிக்கர் இதற்கு, நம் மெதுவடையைப் போல் நடுவில் துளையுள்ள தம் நாட்டுத் தின்பண்டமாகிய டோனட்டின் பெயரை இட்டிருக்கின்றனர். யங்கின் வேலையில் இலைகள் அகன்று, ஆழமாக வெட்டப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்று கவிந்து நிற்கும். பின்னணி முழுவதும் நுண்புள்ளிகளால் நிரப்பப்பட்டிருக்கும். கொடிகளுக்கிடையே நாயின் தலையோ கழுகின் தலையோ ஒளிந்திருக்கும். குதிரையின் பக்கத்தில் ஓநாய்த் தலை காணப்படும். ஆங்கிலேயர் வேலை இதனின் வேறுபட்டது. அதில் சுருள் மிகச் சிறியது, வெட்டு ஆழமற்றது, பரப்பில் வெற்றிடம் மிகுதி. பெல்ஜியம் நாட்டு லியேஜ் நகரத்தார் கோல்ட்டைப் பின்பற்றிச் செய்தவற்றில் நகாசு மிகுதியாகவே இருக்கும். அவற்றை முட்டை வடிவினுள் பொறித்த லியேஜ் சோதனை முத்திரை காட்டிக் கொடுத்துவிடும். நகாசின் மிகுதி மதிப்பின் மிகுதியாகாது என்பதற்கு இவை நல்ல சான்று.

ஆங்கிலத் துப்பாக்கியின் மேற்பட்டையில் வெட்டியுள்ள பெயரைச் செய்தவர் பெயரென உடனே கொள்ளலாகாது. பல வேளைகளில் அது விற்ற வணிகரின் பெயராக இருக்கும். கல்கத்தா மேண்டன் கம்பெனியைப் போன்றவர்கள் இங்கிலாந்திலிருந்து தருவித்துத் தம் பெயருடன் விற்றதுண்டு. பெயர் ஒருபுறம் இருக்க, முத்திரையும் வரிசை எண்ணும் சொல்வதை முதலில் கேட்க வேண்டும்.

இனி மதிப்பிடும் முறையைக் காண்போம். முதற்படி, துப்பாக்கி கெட்டிக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் இட்ட மருந்தும் காய்ந்திருந்தால் வெடிக்கும். ஐயம் இருப்பின் தொடாமல் அறிந்தவரிடம் விடுவதே நன்று.

இரண்டாவது, உறுப்புகள் ஒன்றுக்கொன்று உரியவைதாமா என்பது. கோல்ட் ரிவால்வரில் குழல், சட்டம், உருளை, விசைக்காப்பு, கைப்பிடிப் பட்டை ஆகியவற்றில் ஒரே வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். குழலைப் பிணைக்கும் ஆப்பிலும், கைப்பிடி மரத்தின் உட்புறத்திலும் கூட அவ்வெண் இருப்பதுண்டு. ஒன்று மாறியிருந்தாலும் மதிப்புக் குறையும். சிறப்பு வேலைக்கென ஒதுக்கப்பட்ட சிலவற்றில் எண்ணருகே சிறு புள்ளி அடையாளமும் காணப்படுகிறது. ஆலையின் ஏடுகளைக் கொண்டு எல்லாவற்றையும் உறுதி செய்யலாம் என்று எண்ணுவதற்கில்லை. 1864 பிப்ரவரியில் ஹார்ட்ஃபோர்டு ஆலை தீக்கிரையான பின், தொப்பி வெடிக் காலத்து ஏடுகள் முழுமையாக இல்லை. ஆகவே பொருளே தனக்குச் சாட்சி சொல்லியாக வேண்டும்.

மூன்றாவதும் தலையாயதுமான கேள்வி, செதுக்கு வேலை ஆலையில் செய்ததா, பிற்காலத்தில் ஒருவர் செய்து சேர்த்ததா என்பது. சாதாரணத் துப்பாக்கிக்கும் செதுக்கியதற்கும் விலையில் பன்மடங்கு வேறுபாடு உண்டு. அதனால் சாதாரணத் துப்பாக்கியை எடுத்து நேற்று நகாசு செய்து, பழமை பூசி விற்போர் தோன்றினர். இவர்கள் செய்யும் தீமை இரண்டு: பொய்யான ஒன்றைப் படைக்கின்றனர், அதற்காக மெய்யான ஒன்றை அழிக்கின்றனர். வெட்டிய எஃகு மீண்டும் வளராது.

இதைக் கண்டறியும் வழிக்கு நம் வீட்டு உதாரணம் ஒன்று போதும். சீராக வந்த பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. வெட்டிய பெயரின்மேல் ஒரு நசுங்கல் விழுந்திருந்தால் எழுத்தும் சேர்ந்தே நசுங்கியிருக்கும். நசுங்கிய பாத்திரத்தில் பின்னர்ப் பெயர் வெட்டியிருந்தால், உளி அப்பள்ளத்தில் இறங்கி ஏறிச் சென்ற தடம் தெரியும். எது முன், எது பின் என்பதைப் பாத்திரமே சொல்லிவிடும். துப்பாக்கியிலும் அவ்வாறே. பழந்துருவின் குழிகள் செதுக்கிய கோட்டினுள்ளும் பரவியிருந்தால் வேலை பழையது. உளிக்கோடு குழியை வெட்டிக்கொண்டு சென்றிருந்தால் வேலை துருவுக்குப் பின்னது. ஆலையின் காப்புரிமை முத்திரையைச் சுற்றிக் கொடி வளைந்து சென்றிருந்தால் முத்திரை இருக்கும் இடம் செதுக்கியவருக்குத் தெரிந்திருந்தது என்று பொருள். கொடி முத்திரையின் எழுத்தைக் குறுக்கே அறுத்திருந்தால் ஐயுற வேண்டும்.

இன்னொரு சான்று வண்ணம். சட்டத்தையும் குதிரையையும் எலும்புக்கரி, தோற்கரி முதலியவற்றோடு பெட்டியிலிட்டுப் பழுக்கக் காய்ச்சி, நீரில் அமிழ்த்துவர். மேற்பரப்பு கடினமாகும், அதனோடு நீலமும் சாம்பலும் பழுப்புமாக மேகம் போன்ற நிறங்கள் தோன்றும். கடினமான பின் உளி எளிதில் இறங்காது. ஆதலின் செதுக்குவது முன்னும், காய்ச்சுவது பின்னுமாக ஆலையில் வேலை நடந்தது. மேக நிறம் வெட்டின் அடிவரை இறங்கியிருந்தால் அது ஆலையின் முறைப்படி செய்த வேலை. நிறத்தை அறுத்துக்கொண்டு வெட்டு வெள்ளையாகத் தெரிந்தால் பிற்காலத்தது. சட்டத்தை மீண்டும் காய்ச்சி இளக்கிச் செதுக்கியிருந்தால் பழைய நிறமே இராது. புதிதாக ஏற்றிய நிறம் தேய்ந்த முனைகளின்மேலும் ஒரே சீராகப் படிந்திருக்கும். பூதக்கண்ணாடியும் நல்ல பகல் வெளிச்சமும் இருந்தால் இவற்றை யாரும் காணலாம்.

நான்காவது, பரிசு வாசகம். இன்னாருக்கு இன்னார் அளித்தது என்னும் எழுத்துகள் கைப்பிடியின் பின்பட்டையில் வெட்டப்பட்டிருப்பதுண்டு. ஒரு புகழ்பெற்ற பெயர் விலையைப் பன்மடங்கு உயர்த்துமாதலால் பொய் இங்கேதான் மலிந்திருக்கிறது. எளிய கணக்கே பலவற்றை வெளிப்படுத்திவிடும். கோல்ட் 1862 ஜனவரி 10-இல் காலமானார். வரிசை எண்ணால் 1863-இல் செய்ததெனத் தெரியும் துப்பாக்கியில், கோல்ட் தம் கையால் அளித்த பரிசு என்றிருந்தால், அவ்வெழுத்தை வெட்டியவர் ஆண்டுக்கணக்கைப் பார்க்கவில்லை என்பது வெளிப்படை.

ஐந்தாவது, கைமாறி வந்த வரலாறு. யார் வாங்கினார், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைக் காட்டும் கடிதம், பட்டியல், பழைய புகைப்படம் ஆகியவை நகாசினும் விலையுயர்ந்தவையாதல் உண்டு. 2018-இல் அமெரிக்காவில் வாக்கர் வகை ரிவால்வர் ஒன்று ஏலத்தில் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விற்றது. அதில் கொடியும் இல்லை, பொன்னும் இல்லை. டென்மார்க் நாட்டுக் கப்பல் தலைவர் ஒருவர் வாங்கிய வரலாறும், அதற்குரிய மரப்பெட்டியும் அதனோடு சிதையாமல் இருந்தன. எனவே பழைய பெட்டி, மருந்துக் குடுவை, குண்டு வார்க்கும் அச்சு, மடித்து வைத்த காகிதம் எதனையும் குப்பை என்று எறியலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் இவ்வகைப் பொருள்களுக்கு மிகுந்த கேடு விளைவிப்பது கள்ளச் செதுக்குநரன்று. பாத்திரம் துலக்கும் பசையும் துணியுமே. வீட்டிற்கு விருந்தினர் வரும் நாளில் பளபளக்க வேண்டும் என்று தேய்க்கின்றனர். ஒரு மாலைப்பொழுதில் நீல நிறம் போகும்; வெள்ளி முலாம் போகும்; செதுக்கிய இலையின் நுண்ணரம்புகள் மழுங்கும்; எழுத்தின் முனை உருண்டுவிடும். திருகாணியின் துளை ஓரங்கள் குழிந்திருந்தால் அது சாணை பிடித்ததன் அடையாளம் என்று அறிந்தவர் கண்டுகொள்வர். மங்கலாயினும் முதல் மெருகு எஞ்சியிருக்கும் பொருளுக்கே மதிப்பு. ஈரமற்ற இடத்தில் வைத்து, மெல்லிய எண்ணெயை இலேசாகத் தடவி, வெறுங்கை படாமல் எடுத்தாளுவது போதும். வியர்வை பட்ட விரலின் தடம் எஃகில் துருவாக எழும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பழுது பார்த்தாலும் பாராவிட்டாலும் சுடப் பயன்படாத பழம்பாணி ஆயுதங்களுக்கு விலக்களிக்கிறது. சுடக்கூடிய நிலையில் உள்ளது பழையதாயினும் விலக்குப் பெறாது. இது எந்த வகையைச் சேர்ந்தது என்பதை விற்பவர் வாய்ச்சொல்லால் முடிவு செய்யாமல், உரிமம் வழங்கும் அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. கைப்பிடி யானைத் தந்தமாயின் வனவிலங்குச் சட்டமும் குறுக்கிடும். தந்த வணிகம் 1986, 1991 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்களால் தடுக்கப்பட்டுவிட்டது. மூதாதையர் சொத்து என்னும் காரணம் இச்சட்டங்களிலிருந்து எவரையும் விடுவிக்காது.

உயிரைப் பறிக்கும் கருவிக்கு இத்தனை அழகு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே அது. டெக்சாஸ் எல்லையில் பழங்குடியினருக்கு எதிராகவும், 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலும், 1857-இல் நம் மண்ணிலும் சுழல் துப்பாக்கிகள் என்ன செய்தன என்பதை எந்தக் கொடியும் மறைக்க இயலாது. பரிசளித்ததிலும் மாசு இருந்தது. கோல்ட்டின் காப்புரிமையை நீட்டிக்கும் முயற்சியில் காங்கிரஸ் உறுப்பினர்க்கு ரிவால்வர்கள் அன்பளிப்பாகச் சென்றன என்ற குற்றச்சாட்டை 1854-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் குழுவொன்று விசாரித்தது. அழகிய பொருள் அன்று காரியம் சாதிக்கும் கருவியாகவும் இருந்தது. இவையெல்லாம் அப்பொருளின் வரலாற்றைச் சேர்ந்தவை. தேய்த்து வெளுப்பாக்கினாலும், பொய்யான பெயரைப் பொறித்தாலும், அவ்வரலாறு படிக்க முடியாததாகிவிடுகிறது. நல்லதையும் தீயதையும் ஒருங்கே சொல்லும் சாட்சியைச் சிதைக்காமல் வைத்திருப்பதற்காகவே இதனைச் சேர்ப்பது தகும். வெற்றிச் சின்னமாக மாட்டி வைப்பதற்கு நாம் துணைபோக வேண்டுவதில்லை.

சொந்தமாக வாங்குவோர் மிகச் சிலரே. காண்பதற்கும் கற்பதற்கும் தடை ஏதுமில்லை. ஐதராபாத்து சாலார் ஜங் அருங்காட்சியகம், கொல்கத்தா விக்டோரியா நினைவகம், டில்லி தேசிய அருங்காட்சியகம், ஜெய்ப்பூர் நகர அரண்மனை, ஜோத்பூர் மேஹ்ரான்கட் கோட்டை ஆகியவற்றில் ஆயுதக் காட்சிகள் உண்டு. அங்கே நம் நாட்டு வாள்களிலும் கட்டாரிகளிலும் கோஃப்த்காரி வேலையைக் காணலாம். எஃகின் பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிச் சொரசொரப்பாக்கி, பொற்கம்பியைத் தட்டி ஒட்டவைப்பது அம்முறை. பள்ளம் வெட்டி, அதன் அடியை அகலமாக்கி, உள்ளே பொன்னை அடித்துப் பதிப்பது வேறு முறை. இவ்விரண்டையும் வேறு பிரித்தறியப் பழகிய கண், அமெரிக்க நாட்டு வேலையையும் ஆங்கில நாட்டு வேலையையும் எளிதில் படித்துவிடும்.

நிம்ஷ்கே தாம் செதுக்கியவற்றை மைதடவிக் காகிதத்தில் ஒற்றி ஏடாகச் சேர்த்து வைத்தார். துப்பாக்கிகள் பல திசைகளுக்குச் சென்றபின்னும் அவ்வேடு எஞ்சி, 1965-இல் நூலாக வெளிவந்தது. பெயரில்லாமல் கிடந்த வேலைகள் பல அதனால் உரியவரை அடைந்தன. அவர் வழி நமக்கும் ஏற்றதே. எங்கேனும் இத்தகைய பொருளைக் காண நேர்ந்தால், உரியவரின் இசைவோடு நாற்புறமும் நிழற்படம் எடுப்போம். வரிசை எண்களையும் முத்திரைகளையும் கண்டபடியே எழுதி வைப்போம். குடும்பத்து மூத்தோர் அதைப் பற்றிச் சொல்வதைத் தேதியோடு குறித்துக் கொள்வோம். தேய்க்க வேண்டாம், பெட்டியைப் பிரித்து விற்க வேண்டாம், அதிகாரியிடம் காட்டாமல் கைமாற்ற வேண்டாம் என்று அவர்க்கு எடுத்துச் சொல்வோம். ஒரு குறிப்பேடும் ஒரு பூதக்கண்ணாடியும் இப்பணிக்குப் போதுமான முதல்.